ஒரே ஒரு சனிக்கிழமை, நான்கு ஏரிக்கரைக் கோட்டைகள்: ஸ்காட்லாந்தில் எதற்குப் போவது?

ஜூன் மாதம் பிறந்தால் போதும், எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். பட்டமளிப்பு விழாவுக்கோ பேரக்குழந்தையைப் பார்க்கவோ ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ வீடு, கையில் இருப்பது ஒரு சனிக்கிழமை. "ஏரிக்கரையில இடிஞ்சு போன கோட்டை ஒண்ணு இருக்குமே, காலண்டர்ல எல்லாம் வருமே, அங்க போலாமா?" எந்தக் கோட்டை என்று திருப்பிக் கேட்டால் பெயர் தெரியாது. படத்தைக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் காட்டுவது லாக் நெஸ் கரையிலுள்ள அர்க்கர்ட், மீதிப் பேர் காட்டுவது லாக் ஆ கரையிலுள்ள கில்கர்ன். ஒன்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அங்கே போய் நின்றுகொண்டு மற்றதைத் தேடிய ஆளையும் எனக்குத் தெரியும்.

இரண்டுமே வேண்டாம், வேறொன்று உங்களுக்குச் சரியாக இருக்கும் என்றும் சில பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் நான்கு கோட்டைகளை எடுத்துக்கொள்கிறேன்: அர்க்கர்ட், கில்கர்ன், லாக் லீவன், ஆர்ட்வ்ரெக். நான்குமே இடைக்காலத்தில் எழும்பியவை, நான்குமே இன்று கூரையில்லாத சிதிலங்கள், நான்குமே நன்னீர் ஏரியை ஒட்டியவை. (ஏரியை அங்கே "லாக்" என்பார்கள். கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து உரசிச் சொல்ல வேண்டும், நமக்கு வராது, கவலைப்பட வேண்டாம்.)

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

படம் அழகாக இருக்கிறதா என்பதை விட்டுவிடுங்கள். நான்குமே படத்தில் அழகுதான்.

எங்கே தங்கியிருக்கிறீர்கள், கார் இருக்கிறதா? முடிவில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். எடின்பரோவிலிருந்து, அர்க்கர்ட்டுக்குப் பக்கத்து நகரமான இன்வர்னஸ் சுமார் 250 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல், ரயிலில் மூன்றரை மணி. அதே எடின்பரோவிலிருந்து லாக் லீவன் ஒரு மணி நேரம்கூட இல்லை. இதைப் பார்க்காமல் "லாக் நெஸ்தான் ஃபேமஸ்" என்று கிளம்புகிறவர்கள் நாளில் பாதியைப் பேருந்து ஜன்னலில்தான் கழிக்கிறார்கள்.

கூட வருவது யார்? முழங்கால் வலி உள்ள அம்மா, தள்ளுவண்டிக் குழந்தை, எதையும் ஏறிப் பார்க்கும் பத்து வயதுப் பையன், இவர்கள் மூவருக்கும் ஒரே கோட்டை ஒத்துவராது. கழிப்பறை எங்கே என்பது சின்ன விஷயமாகத் தெரியும், பெரியவர்களோடு போனால் அதுதான் பெரிய விஷயம்.

இடிபாட்டைப் பார்த்தால் உங்களுக்குப் புரியுமா, யாராவது சொல்ல வேண்டுமா? விளக்கப் பலகை, குறும்படம், மாதிரி எல்லாம் இருந்தால்தான் கல் பேசும் என்கிறவர்கள் உண்டு. ஒருத்தரும் இல்லாமல் காற்று மட்டும் அடிக்க வேண்டும் என்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி, ஆனால் என் வீட்டில் மற்ற எல்லாரும் முதல் கட்சி.

அப்புறம் பணம், பருவம், கூட்டம். இதை அட்டவணையில் போட்டுவிடுகிறேன்.

| | அர்க்கர்ட் | கில்கர்ன் | லாக் லீவன் | ஆர்ட்வ்ரெக் |
|---|---|---|---|---|
| ஏரி | லாக் நெஸ் | லாக் ஆ | லாக் லீவன் | லாக் அசிண்ட் |
| பக்கத்து ஊர் | டிரம்னாட்ராகிட், இன்வர்னஸ் | டால்மாலி | கின்ராஸ் | இஞ்ச்னடாம்ஃப், லாகின்வர் |
| எங்கிருந்து வசதி | இன்வர்னஸ் | கிளாஸ்கோ, ஓபன் | எடின்பரோ | அல்லாபூல் |
| கட்டணம் | உண்டு, நான்கிலும் அதிகம் | இல்லை | உண்டு, படகும் சேர்த்து | இல்லை |
| கார் இல்லாமல் | எளிது | முடியும், கணக்குப் பார்க்க வேண்டும் | முடியும் | கிட்டத்தட்ட முடியாது |
| கழிப்பறை, கடை | இரண்டும் | எதுவும் இல்லை | படகுத்துறைப் பக்கம் | எதுவும் இல்லை |
| கால் சிரமம் | சரிவு, படிகள் | சேறு, சில நேரம் தண்ணீர் | படகு ஏறி இறங்குவது | மேடு பள்ளம், வழுக்கல் |
| குளிர்காலத்தில் | திறந்திருக்கும், நேரம் குறைவு | உள்ளே போக முடியாது | படகு இல்லை | வெளியிலிருந்து பார்க்கலாம் |
| கூட்டம் | திருவிழா | நடுத்தரம் | குறைவு | சில நாள் நீங்கள் மட்டும் |

## அர்க்கர்ட்: கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டால் பலன் உண்டு

ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது "அர்க்கர்ட்". லாக் நெஸ் ஏரியின் மேற்குக் கரையில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டில் இருக்கிறது. ஏரி சுமார் 37 கிலோமீட்டர் நீளம், ஆழம் 200 மீட்டரைத் தாண்டும், கரி மண் கலந்து தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும். 1933-லிருந்து அதில் ஒரு பூதம் இருப்பதாக உலகமே பேசுவதால், கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பாதி முதுகைக் கோட்டைக்குக் காட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் சரித்திரம் என்று பார்த்தால் நான்கில் இதற்குத்தான் கனம் அதிகம். 1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் படை பிடித்தது, பிறகு ஸ்காட்டுகள் மீட்டார்கள், மறுபடி போனது, மறுபடி வந்தது. மேற்குத் தீவுகளின் மெக்டொனால்டுகள் இதை விட்டபாடில்லை. 1509-இல் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் இதை கிராண்ட் குலத்தாரிடம் கொடுத்தார், கொடுத்தும் நிம்மதி இல்லை, 1545-இல் நடந்த பெரிய கொள்ளையில் ஆடு மாடு போக பீரங்கிகளும் மூன்று பெரிய படகுகளும்கூடப் போயின. கடைசியில் இடித்தது எதிரியும் அல்ல. 1692-இல் காவலுக்கு இருந்த அரசுப் படையே, தாங்கள் போன பிறகு ஜாக்கோபைட்டுகள் (பதவி இழந்த மன்னர் ஜேம்ஸின் ஆதரவாளர்கள்) கையில் சிக்கக் கூடாது என்று வெடி வைத்துவிட்டுக் கிளம்பியது. அந்த வெடியில் பெயர்ந்து விழுந்த வாசல் கோபுரத்தின் கற்பாளம் இன்றும் விழுந்த இடத்திலேயே சாய்ந்து கிடக்கிறது. உள்ளே நுழையும்போது எல்லாரும் அதைக் கடந்து வேகமாகப் போய்விடுவார்கள், நீங்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரே கட்டியாகச் சுண்ணாம்புச் சாந்து பிடித்த கல், முன்னூறு வருஷத்துக்கு மேல் மழையிலும் பிரியவில்லை. ஏரி ஓரத்தில் நிற்கும் கிராண்ட் கோபுரம் 1715-இல் ஒரு புயலில் பாதி விழுந்தது. மீதிப் பாதியில் சுழல் படி ஏறி மேலே போகலாம்.

கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் படம் போடுவார்கள், சில நிமிஷம்தான். கோட்டை வெடிப்பதோடு படம் முடியும், திரை மேலே போகும், பின்னாலிருக்கும் மறைப்பு விலகும், கண்ணாடிக்கு அப்பால் நிஜக் கோட்டையும் ஏரியும். மலிவான வித்தைதான் என்று நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அம்மா வாய்விட்டு "அடடா" என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். ஒன்று, டிக்கெட். நான்கு பேர் குடும்பத்துக்குக் கணிசமாக வரும், இணையத்தில் முன்கூட்டி நேரம் குறித்து எடுப்பதுதான் பணத்துக்கும் நிம்மதிக்கும் நல்லது. எடின்பரோ கோட்டை, ஸ்டெர்லிங் கோட்டை இரண்டுக்கும் எப்படியும் போகப்போகிறீர்கள் என்றால், கோட்டைகளைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து தரும் எக்ஸ்ப்ளோரர் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றும் அதில் அடங்கும். இரண்டு, கார் நிறுத்தம். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வரும் இடத்துக்கு அந்த நிறுத்துமிடம் போதாது. ஜூலை நண்பகலில் போய் ஏ82 சாலையில் ஓரங்கட்ட இடம் தேடாதீர்கள், அது வேகமான சாலை. மூன்று, மேடு. மையத்திலிருந்து கோட்டைக்கு இறங்கும்போது ஜாலியாக இருக்கும், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும்.

நான்கு, எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் கூட்டிப்போய்வரும் பேருந்துச் சுற்றுலா. நானும் ஒருமுறை போனேன். காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு இறக்கிவிட்டார்கள். கிளென்கோ பள்ளத்தாக்கு, வழியில் ஹைலேண்ட் மாடு, சாப்பாட்டு நிறுத்தம் எல்லாம் சரி, ஆனால் கோட்டைக்குள் எனக்குக் கிடைத்தது ஐம்பது நிமிஷம். அதில் கழிப்பறை வரிசை பன்னிரண்டு. கோட்டை நுழைவும் படகும் பல சுற்றுலாக்களில் கட்டணத்தில் சேராது, தனியாகக் கட்ட வேண்டும், சில சுற்றுலாக்கள் கோட்டைக்கே போகாமல் ஏரியின் தென்முனையில் ஃபோர்ட் அகஸ்டஸோடு நிறுத்திக்கொள்ளும். பணம் கட்டும் முன் "கோட்டைக்குள் எவ்வளவு நேரம்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹைலேண்ட் மலைகளைப் பார்ப்பதுதான் ஆசை, கோட்டை ஒரு சாக்கு என்றால் இந்தச் சுற்றுலா தப்பில்லை. கோட்டைதான் ஆசை என்றால் வேண்டாம்.

இன்வர்னஸில் ஒரு இரவு தங்குகிறவர்களுக்கு நிலைமையே வேறு. ஃபோர்ட் வில்லியம், ஸ்கை பக்கம் போகும் நெடுந்தூரப் பேருந்துகள் கோட்டை வாசலிலேயே நிற்கும், பயணம் அரை மணிக்குச் சற்று மேல். அல்லது கிளான்ஸ்மன் துறையிலிருந்து படகில் போய்க் கோட்டைத் துறையிலேயே இறங்கலாம். தண்ணீரிலிருந்து பார்க்கும் கோட்டைதான் அசல் கோட்டை என்பேன், கட்டியவர்கள் அப்படிப் பார்க்கத்தானே கட்டினார்கள். ஒரு எச்சரிக்கை: சில படகு டிக்கெட்டுகள் கோட்டையைக் கடந்து மட்டும் போகும், இறக்கிவிடாது. பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், நன்றாகப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பெரியவர்களோடு, கார் இல்லாமல், வாழ்க்கையில் ஒரே தடவை ஸ்காட்லாந்து என்றால் அர்க்கர்ட்தான், காலை முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுத்து. ஊருக்குப் போய் "லாக் நெஸ் பார்த்தேன்" என்று சொல்வதில் உள்ள சந்தோஷத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதை நாம் மட்டம் தட்டக் கூடாது.

## கில்கர்ன்: படத்தில் பார்த்த அமைதி, கூடவே சேறு

லாக் ஆ ஏரியின் வடகிழக்கு முனை. (ஆமாம், ஏரியின் பெயரே "ஆ".) 1450 வாக்கில் கிளெனார்க்கியின் காலின் கேம்பெல் கட்டிய ஐந்து மாடிக் கோபுரம்தான் இதன் மூலம். அப்போது இது ஒரு சின்னத் தீவு. 1817-இல் ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழியை ஆழப்படுத்தியதில் நீர்மட்டம் இறங்கி, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. ஏரிக்கு அது முழுக்கச் சம்மதமில்லை போல, மழை பலமாகப் பெய்தால் நடைபாதையை இன்றும் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

முதல் தடவை நான் போனது ஏப்ரல் கடைசியில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு. ஏ85 சாலையோரம் டால்மாலி தாண்டி ஒரு சின்ன நிறுத்துமிடம், பெரிய பலகை எதுவும் கிடையாது, கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள், நான் இரண்டு தடவை தாண்டினேன். அங்கிருந்து நடை பத்துப் பதினைந்து நிமிஷம். ரயில் பாலத்துக்குக் கீழே நுழைந்துதான் போக வேண்டும், குறுக்கே தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. ஒரு காலில் நின்று காலுறையைக் கழற்றி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்காட்லாந்து ஏப்ரல் தண்ணீரில் பத்தடி. அந்தப் பத்தடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் டிக்கெட் கவுண்டர் இல்லை, குறும்படம் இல்லை, புல்வெளி, ஆடுகள், பின்னால் பென் க்ரூவாகன் மலை. வாசல் நிலையின் மேல்கல்லில் 1693 என்று பொறித்திருக்கும், அது பிரெடால்பேன் பிரபு இதைப் படைவீடாக மாற்றியபோது வைத்தது. ஒரே நேரத்தில் 200 சிப்பாய்கள் தங்கும்படி நீளமாகக் கட்டினார்கள், பிரிட்டன் பெருநிலத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படைவீடு இதுதான் என்கிறார்கள். 1760-களில் இடி விழுந்தது. விழுந்ததற்குச் சாட்சி முற்றத்தின் நடுவிலேயே இருக்கிறது: மூலைக் கோபுரம் ஒன்று அப்படியே தலைகீழாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அடுக்கடுக்காகச் சுருங்கும் கல் வளையங்கள் வானத்தைப் பார்த்தபடி. கவிழ்ந்துகிடக்கும் ஆட்டுரல் மாதிரி. கூட வந்த பையன் அதன் மேல் ஏறப் பார்த்தான், தயவுசெய்து விடாதீர்கள்.

செலவு இங்கே டிக்கெட்டில் இல்லை, மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. கழிப்பறை இல்லை, டால்மாலியிலோ அதற்கு முன்பு டின்ட்ரமிலோ முடித்துக்கொண்டு வர வேண்டும். உள்ளே விடுவது கோடைப் பருவத்தில் மட்டும், அதிலும் கல் விழும் அபாயம் இருக்கிறதா என்று பரிசோதிக்கிற காலத்தில் மூடிவைப்பதுண்டு. முந்தின நாள் இரவு ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு டால்மாலி, லாக் ஆ இரண்டு நிலையமும் உண்டு, கிளாஸ்கோவிலிருந்து இரண்டரை மணி நேரம், ஆனால் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் நிலையத்தில் உட்கார வேண்டியதுதான். ஏ85 சாலையோரமாக நிலையத்திலிருந்து நடப்பதும் சுகமில்லை, லாரிகள் போகும்.

இன்னொன்று. காலண்டரில் வரும் அந்தப் படம், தண்ணீரில் கோட்டை தலைகீழாகத் தெரியும் படம், கோட்டைக்குப் போனால் கிடைக்காது. அது எதிர்க்கரையிலிருந்து, இன்வரரி போகும் ஏ819 பக்கம் நின்று, காற்று அடங்கிய விடியற்காலையில் எடுத்தது. படம்தான் முக்கியம் என்றால் பாலத்துக்கடியில் கால் நனைக்கவே வேண்டாம், எதிர்க்கரைக்குப் போங்கள்.

கார் இருந்து, ஓபன் போகும் வழியில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் கில்கர்ன்போல ஒன்று கிடையாது. பக்கத்தில் லாக் ஆ ஊரில் செயின்ட் கோனன் தேவாலயம் இருக்கிறது, அதையும் பார்க்கலாம், மழை வந்தால் ஒதுங்க இடமும் ஆச்சு. பெரியவர்கள் கூட இருந்தால் வறண்ட வாரத்தில் மட்டும்.

## லாக் லீவன்: யாரும் கேட்காத, ஆனால் பலருக்குச் சரியான விடை

எடின்பரோவில் இருக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான், அவர்கள் முதலில் நம்பாததும் இதைத்தான். லாக் நெஸ் மாதிரி பெயரும் இல்லை, கில்கர்ன் மாதிரி மலையும் இல்லை. தட்டையான ஏரி, நடுவில் மரங்கள் சூழ்ந்த தீவு, அதில் ஒரு சதுரக் கோபுரம், சுற்றுச்சுவர்.

ஆனால் அங்கே நடந்தது சின்ன விஷயமில்லை. ஸ்காட்லாந்து ராணி மேரியை 1567 ஜூனில் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 24. உள்ளே இருக்கும்போதே கரு கலைந்தது, அந்த உடம்போடு இருந்தவரிடம் ஜூலை 24 அன்று முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வருஷம் மே 2 அன்று, கோட்டையில் வளர்ந்த வில்லி டக்ளஸ் என்ற பையன் சாவியைத் திருடி, ராணியை வெளியே கூட்டிவந்து, கதவை வெளியிலிருந்து பூட்டிப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். படகில் இறங்கி அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போது, இவ்வளவு சின்ன இடத்திலா பத்து மாசம்கிட்ட என்றுதான் தோன்றும். அதுவும் அப்போது தீவு இன்னும் சின்னது. 1830-களில் ஏரியின் நீர்மட்டத்தை இறக்கினார்கள், அதற்கு முன்பு தண்ணீர் கிட்டத்தட்ட சுவர் வரைக்கும் வந்து நின்றது. இப்போது நாம் நடக்கும் புல்தரையில் பெரும்பகுதி மேரி பார்த்த தண்ணீர்.

கின்ராஸ் படகுத்துறையிலிருந்து சின்னப் படகு, சில நிமிஷப் பயணம், கட்டணத்திலேயே படகும் சேர்த்தி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் ஓடும். இருக்கை குறைவு என்பதால் வாரக் கடைசிக்கு முன்பதிவு கட்டாயம், பலத்த காற்று அடித்தால் படகே கிடையாது, இதுதான் இதன் முக்கியமான ஆபத்து. கின்ராஸுக்கு ரயில் இல்லை, எடின்பரோவிலிருந்து பேருந்து உண்டு, இறங்கிப் படகுத்துறைக்குக் கொஞ்சம் நடை. படகு ஏறி இறங்கக் கை பிடித்துவிடுவார்கள், ஆனாலும் சக்கர நாற்காலிக்கு ஒத்துவராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீவில் ஒன்றிரண்டு மணி நேரம் போதும், மிச்ச நேரத்துக்கு ஏரியைச் சுற்றி 21 கிலோமீட்டருக்குச் சமதரையில் பாதை இருக்கிறது, தள்ளுவண்டிக்கு இதைவிட நல்ல பாதை நான் பார்த்ததில்லை. செப்டம்பர், அக்டோபரில் போனால் ஐஸ்லாந்திலிருந்து வாத்துக் கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும், சத்தம் கின்ராஸ் கடைத்தெரு வரை கேட்கும்.

குழந்தைகளுக்குப் படகு இருக்கிறது, பெரியவர்களுக்கு ஏறுமேடு இல்லை, மாலை ஆறுக்குள் வீட்டுக்கு வந்து ரசம் வைக்கலாம். எடின்பரோவில் வீடு, ஒரே நாள், கோட்டை பார்க்க வேண்டும் என்பதே ஆசை: இதற்குப் போங்கள்.

## ஆர்ட்வ்ரெக்: இதற்காக மட்டும் போக வேண்டாம்

வடமேற்கு ஓரத்தில், லாக் அசிண்ட் கரையில், இன்வர்னஸிலிருந்து அல்லாபூல் வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம். மெக்லவுட் குலத்தார் 1490 வாக்கில் கட்டியது. மிச்சமிருப்பது ஒரு கோபுரத்தின் கிழிந்த விளிம்பும் சில சுவர்களும், ஏரிக்குள் நீளும் மணல் திட்டின் முனையில். மழை அதிகமானால் திட்டு முங்கிக் கோட்டை தீவாகிவிடும். 1650-இல் மன்னர் பக்கம் நின்று போரில் தோற்று மலைகளில் அலைந்த மான்ட்ரோஸ் பிரபு இங்கேதான் பிடிபட்டு அடைபட்டார், எடின்பரோவுக்குக் கொண்டுபோய் மே 21 அன்று தூக்கிலிட்டார்கள். காட்டிக்கொடுத்த மெக்லவுடுக்குப் பரிசாகக் கிடைத்த ஓட்ஸ் மாவு புளித்துப்போயிருந்தது என்று ஒரு கதை உண்டு. பிறகு மெக்கன்சிகள் 1672-இல் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். 1726-இல் பக்கத்திலேயே கால்டா என்ற மாளிகையைக் கட்டிக் குடிபோனார்கள், அது 1737-இல் எரிந்தது. கோட்டை 1795-இல் இடி விழுந்து போனது. இப்போது இரண்டு இடிபாடும் எதிரெதிரே நின்றுகொண்டிருக்கின்றன.

இருபது நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். அதனால்தான் இதற்காகவே நான்கு மணி நேரம் போய்வர வேண்டாம் என்கிறேன். பெட்ரோலை அல்லாபூலிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், சாப்பாடும் கையில். ஆனால் வடகரைச் சாலையில் மூன்று நான்கு நாள் சுற்றுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஜூன் இரவு ஒன்பதரைக்குக்கூட அங்கே வெளிச்சம் இருக்கும், அந்த நேரத்தில் பெரும்பாலும் ஆளே இருக்காது.

## நான்குக்கும் பொதுவான சில தொல்லைகள்

மிட்ஜ். கொசுவில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் கூட்டமாக வரும், தலைமுடிக்குள், காதுக்குள், மூக்குக்கண்ணாடிக்கு உள்பக்கம். மே முதல் செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரமான காலையும் மாலையும் மோசம். கில்கர்னிலும் ஆர்ட்வ்ரெக்கிலும் அழகான நேரம் என்று நினைக்கிறோமே, அதே நேரம்தான் அவற்றுக்கும். தலைக்குப் போடும் வலை சில பவுண்டுக்குக் கிடைக்கும், போட்டுக்கொண்டால் தேனெடுக்கப் போகிறவர் மாதிரி இருப்பீர்கள், பரவாயில்லை.

வெளிச்சம். டிசம்பரில் இன்வர்னஸில் மூன்றரைக்கே சூரியன் போய்விடும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர்களுக்கு உள்ளே நுழைந்து பார்க்க உருப்படியாக இருப்பது அர்க்கர்ட் ஒன்றுதான், அதுவும் மதியத்துக்கு முன். கிறிஸ்துமஸ் அன்றும் மறுநாளும் பூட்டியிருக்கும்.

கார் வாடகை. நம் ஊர் உரிமத்தோடு பிரிட்டனில் 12 மாதம் வரை ஓட்டலாம், ஆனால் வாடகை நிறுவனங்கள் வயது, உரிமம் எடுத்து எத்தனை வருஷம் என்று தனியாக நிபந்தனை வைக்கும், இளம் ஓட்டுநருக்குக் கூடுதல் தொகையும் கேட்கும். "கில்கர்ன் இலவசம், அர்க்கர்ட்டுக்குத்தான் காசு" என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு நாள் கார் வாடகை, காப்பீடு, பெட்ரோல் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் தனி ஆளுக்கு இலவசக் கோட்டைதான் விலை அதிகம். நான்கு பேர் சேர்ந்தால் கணக்கு தலைகீழாகும்.

கால்சட்டை நுனி நனையும், அதனால் புடவையோடு கில்கர்ன் வேண்டாம். அர்க்கர்ட்டுக்கும் லாக் லீவனுக்கும் அம்மா புடவையில்தான் வந்தார், மேலே மழைக்கோட்டு, காலில் என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ. இந்த வருஷம் மறுபடி வருகிறார். எங்கே போகலாம் என்று போன வாரம் கேட்டேன், "அந்தப் பொண்ண அடைச்சு வெச்சிருந்தாங்களே, அங்க" என்றார். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு முதல் படகில் இரண்டு இடம் போட்டிருக்கிறேன், காற்று அடிக்காமல் இருக்க வேண்டும்.